ஒன்று முதல் இரண்டு வரை ஓய்வு

காலை ஆறு முதல் ஏழு வரை லூத்தருடைய ஞானோபதேசத்தைத் தமிழில் விளக்கிச் சொல்வது. ஏழு முதல் எட்டு வரை, அதுவரை கற்ற தமிழ்ச் சொற்களைத் திரும்பப் படித்து நெட்டுருப் போடுவது. எட்டு முதல் பன்னிரண்டு வரை, ஒரு வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுப்புதுத் தமிழ் ஏடுகளைப் படிப்பது. தெரியாத சொல் வந்தால் குறித்துக்கொள்ள ஓர் எழுத்தரும் கூட இருப்பார். பன்னிரண்டு முதல் ஒன்று வரை சாப்பாடு. சாப்பிடும்போது ஒருவர் வேதாகமம் வாசிப்பார். ஒன்று முதல் இரண்டு வரை ஓய்வு, வெயில் அந்த நேரத்தில் தாங்க முடியாது என்பதால். இரண்டு முதல் மூன்று வரை வீட்டில் மறுபடியும் ஞானோபதேச வகுப்பு. மூன்று முதல் ஐந்து வரை தமிழ் ஏடுகள். ஐந்து முதல் ஆறு வரை ஜெபக்கூட்டம். ஆறு முதல் ஏழு வரை உடன் ஊழியர்களோடு அன்றைய காரியங்களைப் பற்றிய பேச்சு. ஏழு முதல் எட்டு வரை ஒருவர் தமிழ் நூலை வாசிக்க இவர் கேட்பார். விளக்கு வெளிச்சத்தில் அதிகம் படித்தால் கண்ணுக்கு ஆகாது. எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு, அப்போதும் வேதவாசிப்பு. பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாடம் கேட்பது, அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது.

தரங்கம்பாடியில் தம்முடைய நாள் எப்படிக் கழிகிறது என்று பர்த்தலோமேயு சீகன்பால்க் கடிதத்தில் எழுதியதன் சாரம் இது. 1706 ஜூலை 9-ம் தேதி, டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, ஹென்ரிக் புளுட்சோவோடு அந்தக் கரையில் வந்து இறங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 24 வயது. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தபோது வயது 36. நடுவில் கிடைத்தது பன்னிரண்டரை வருடம். அதிலும் ஏறத்தாழ நான்கு மாதம் டேனிஷ் கோட்டையில் சிறைவாசம். இடையில் ஐரோப்பாவுக்குப் போய்வந்த பயணம் வேறு. மீதிக் காலத்துக்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. அச்சுக்கூடம் வந்தது, பொறையாறில் காகித ஆலை வந்தது, பள்ளிகள் வந்தன, 1718-ல் புது எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையானது. பழைய ஏற்பாட்டை ரூத்தின் புத்தகம் வரை மொழிபெயர்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஒரு கிறிஸ்தவர் தன் நேரத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்த அட்டவணையைத்தான் எடுத்துக் காட்டுவேன். இத்தனை வேலையை இத்தனை சீக்கிரம் முடித்தாரே என்று மலைக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த மலைப்பை வைத்து நாம் நிறையப் பிரசங்கம் கேட்டாயிற்று. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் மனச்சோர்வுதான் மிச்சம். அட்டவணைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

கூட்டிப் பாருங்கள். காலையில் ஒரு மணி நேரம் சொல் மனப்பாடம், பிறகு நான்கு மணி நேரம், மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம். மொத்தம் எட்டு மணி நேரம் தமிழ் படிப்பதற்கே போகிறது. கடல் கடந்து சுவிசேஷம் சொல்ல வந்த மனிதர், தான் பேசுவதற்கு ஒதுக்கியதைவிடப் பல மடங்கு நேரத்தைப் பிறர் பேச்சைக் கேட்பதற்கு ஒதுக்குகிறார். யாரிடம் பேச வந்தாரோ அவர்கள் என்ன படிக்கிறார்கள், எதைப் பாடுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று பொறுமையாக உட்கார்ந்து தெரிந்துகொள்கிறார். 1708-லேயே தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கத்தோடு ஒரு பட்டியல் தயாரித்து அனுப்பினார். தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி 1713-ல் முடித்தார். ஜெர்மனியில் ஹாலேயில் இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மிஷனரி செய்ய வேண்டிய வேலையா இது என்பதுதான் அவர்கள் நினைப்பு. நூல் அச்சேறாமல் கிடந்தது. 1867-ல்தான் ஜெர்மான் என்பவர் அதைச் சென்னையில் பதிப்பித்தார். எழுதியவர் இறந்து 148 வருடம் கழித்து. இன்றைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது.

ஆகவே எந்த மணி நேரம் வீண், எந்த மணி நேரம் பிரயோஜனம் என்று தீர்ப்பு எழுத நாம் அவசரப்படக் கூடாது. அன்றைய பெரியவர்களே வீண் என்று நினைத்த நேரம் அது.

இன்னொன்றும் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஒன்று முதல் இரண்டு வரை ஓய்வு. ஆத்துமாக்கள் அழிந்துபோகின்றன என்று உண்மையாகவே நம்பித் துடித்த ஒருவர், அதற்காக வீடு, ஊர், தாய்மொழி எல்லாவற்றையும் விட்டுவந்த ஒருவர், மதியம் படுத்துக்கொண்டார். அதைக் கடிதத்தில் மறைக்கவும் இல்லை. நம்முடைய கன்வென்ஷன் மேடைகளில் எத்தனை பேர் இப்படிச் சொல்வார்கள்? விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி ஜெபிக்கிறேன் என்ற சாட்சியைத்தான் நாம் கேட்டிருக்கிறோம். மதியம் ஒரு மணி நேரம் தூங்குகிறேன், அதற்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று யாரும் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டும். 127-ம் சங்கீதத்தில் தூக்கம் கர்த்தர் கொடுக்கிற ஈவாகத்தான் வருகிறது. நான் தூங்கும்போதும் உலகத்தை நடத்த ஒருவர் விழித்திருக்கிறார் என்று நம்புகிறவர்தான் நிம்மதியாகப் படுக்க முடியும்.

இனி நம் ஆண்டவருடைய நாளைப் பார்க்கலாம். மாற்கு முதல் அதிகாரத்தில் கப்பர்நகூமில் அவர் கழித்த ஒரு நாள் ஏறத்தாழ வேளைவாரியாகத் தெரிகிறது. ஓய்வுநாள். ஜெப ஆலயத்தில் போதிக்கிறார். அங்கேயே ஒருவனைப் பிடித்திருந்த அசுத்த ஆவியைத் துரத்துகிறார். வெளியே வந்ததும் நேராகச் சீமோன் வீடு. சீமோனுடைய மாமியார் ஜுரமாய்ப் படுத்திருக்கிறார், கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். சூரியன் அஸ்தமித்து ஓய்வுநாள் முடிந்ததும் ஊரே வாசலில் வந்து நிற்கிறது. ராத்திரி எந்நேரம் வரை போனதோ தெரியாது. மறுநாள் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிற சேதியைச் சொல்கிறார்கள். அவர் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த ஊர்களுக்குப் போகலாம் வாருங்கள் என்று கிளம்பிவிடுகிறார்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். அன்று காலையில் சீமோன் வீட்டு வாசலில் ஆள் இருந்திருப்பார்கள். ராத்திரி சேதி கேட்டுத் தூரத்திலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டுத்தான் அவர் போனார். தேவை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வேலை என்னுடைய வேலை ஆகிவிடாது என்பதை இதைவிட அழுத்தமாக எப்படிச் சொல்வது? விடியற்காலை ஜெபத்தில் பிதாவிடம் பேசி வந்தவருக்கு எங்கே போக வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. கூட்டம் கூப்பிட்ட பக்கம் அவர் ஓடவில்லை.

ஆனால் அதே மாற்குவில் ஐந்தாம் அதிகாரத்துக்கு வாருங்கள். யவீருவுடைய பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாத பயணம். வழியில், நெருக்கித் தள்ளுகிற கூட்டத்துக்குள், பன்னிரண்டு வருடமாகப் பெரும்பாடு உள்ள ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். தொட்டவுடனே குணமாகிவிட்டாள். அதோடு காரியம் முடிந்தது. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்திருக்கலாம். நிற்கிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். சீஷர்களுக்கு எரிச்சல். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே வந்து விழுந்து, நடந்தது அனைத்தையும் சொல்கிறாள். பன்னிரண்டு வருடத்துக் கதை. எத்தனை வைத்தியர், எவ்வளவு செலவு, எத்தனை அவமானம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! பக்கத்தில் நின்றுகொண்டிருந்த யவீருவை நினைத்தால் நெஞ்சு பதறும். அவள் பேசி முடிக்கும்போது அவன் மகள் இறந்துவிட்ட செய்தியும் வந்துவிட்டது.

கப்பர்நகூமில் காத்திருந்த கூட்டத்துக்குக் கொடுக்காத நேரத்தை, வழியில் குறுக்கே வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். இரண்டும் ஒரே ஆள். இதற்குள் ஒரு சூத்திரம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரிகிறது. யாருக்கு எப்போது நேரம் கொடுப்பது என்பதை அவர் பிதாவோடு இருந்த அந்த இருட்டு வேளையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். அதனால்தான் பெருங்கூட்டத்தை விட்டுப் போகவும் முடிந்தது, ஒற்றை ஆளுக்காக நிற்கவும் முடிந்தது. அந்த வேளை இல்லாத எனக்கோ, யார் சத்தமாகக் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்குத்தான் என் நாள் போகும்.

நம்மைச் சத்தமாகக் கூப்பிடுகிறவை எவை? செல்போனைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. ஆனால் சபையும் சத்தமாகக் கூப்பிடுகிறது என்பதை நம் ஆட்கள் எழுதத் தயங்குகிறார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபை வாழ்க்கையை அறிந்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் பாடகர் குழு பயிற்சி. ஞாயிறு ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, அதற்குப் பிறகு கமிட்டி. வாரத்தின் நடுவில் பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் கூட்டம், வீட்டு ஜெபம். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி. பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம், ஸ்தோத்திரப் பண்டிகை, கன்வென்ஷன். டிசம்பர் பிறந்தால் ராத்திரி ராத்திரியாக கேரல் ரவுண்ட்ஸ். எல்லாம் நல்ல காரியங்கள்தான், நான் வளர்ந்தது இவற்றுக்குள்தான், இவை இல்லாத ஊரில் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் இதோடு தேர்தலும் சேர்ந்துகொள்கிறது. சேகரம் முதல் திருமண்டலம் வரை அணி சேர்ப்பதும், பள்ளிக்கூட வேலைக்கும் கல்லூரி சீட்டுக்கும் ஆள் பிடிப்பதும், கோர்ட்டு வழக்கும் நம் குருமாருடைய நேரத்தையும் மூப்பர்களுடைய நேரத்தையும் எவ்வளவு தின்கின்றன என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. படுக்கையில் கிடக்கிற ஒருவருக்குத் திருவிருந்து கொடுக்க ஐயருக்கு நேரம் கிடைப்பதில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய நாளை நாம்தான் இப்படி ஆக்கி வைத்திருக்கிறோம்.

யாத்திராகமம் 18-ம் அதிகாரத்தில் மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்கிறான். வந்திருந்த மாமனார் எத்திரோ பார்க்கிறார். நல்ல மருமகன், எவ்வளவு உழைக்கிறான் என்று அவர் மெச்சவில்லை. நீ செய்கிறது சரியில்லை, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்ற கருத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். பெரிய வழக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார். கவனியுங்கள், அவர் மீதியானியர், வெளியிலிருந்து வந்தவர். ஊழியத்தில் மூழ்கிக் கிடக்கிறவனுக்கு அவன் வீட்டு மனிதர்தான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. நம் வீடுகளில் மனைவியும் பிள்ளைகளும் இதைத்தான் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மோசே மாமனார் சொன்னபடியே செய்தான் என்று அந்த அதிகாரம் முடிவதை ஊழியக்காரர்கள் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதே நேரத்தில், நேரத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் யாருக்கு முன்னால் பேசுகிறோம் என்று பார்த்துப் பேச வேண்டும். எங்கள் மாவட்டத்திலும் தென்காசி மாவட்டத்திலும் ஊர் ஊராகப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சுளகு. அதில் தூளும் வெட்டிய இலையும் நூலும். நனைத்து வைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, தலையை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்கும் வரை கை நிற்காது. காலை சமையல் முடிந்து உட்கார்ந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரை, மறுபடியும் ராத்திரி விளக்கு வைத்த பிறகு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கொஞ்சத்தைக் கழித்துத் தள்ளுவார்கள். அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்று, தினமும் ஒரு மணி நேரம் தனியாக அமர்ந்து தியானிக்காதவர்கள் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர முடியாது என்று சொன்னால் அவள் எங்கே போவாள்?

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவிடம் ஒரு தடவை இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "தனியா உக்கார நேரம் ஏது பிள்ள? கை அது பாட்டுக்கு ஓடும், நான் எம்பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பேன் அவர்ட்ட. ஒரு கட்டு சுத்துத வரைக்கும் மூத்தவனுக்காவ. அடுத்த கட்டு எங்க வீட்டுக்காரவுகளுக்காவ" என்றார். கட்டுக்கு ஒரு பெயர் வைத்து ஜெபிக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடத்தில் சமையல்கட்டில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களுக்கு நடுவிலேயே தேவனோடு பேசிக்கொண்டிருந்ததைப் பற்றிய சிறு புத்தகம் உலகமெல்லாம் வாசிக்கப்படுகிறது. அந்த அக்கா அதை வாசித்ததில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

நேரத்தின் மேல் ஓரளவாவது அதிகாரம் உள்ளவர்களுக்கு, மாதச் சம்பளக்காரர்களுக்கு, என் போன்றவர்களுக்கு, வேலையோடு வேலையாக ஜெபித்தால் போதும் என்கிற சலுகை கிடையாது. எங்களுக்குப் பிடி அரிசிதான் பாடம். நம் ஊர்களில் பெண்கள் உலை வைக்கும்போது, அரிசி களைவதற்கு முன்னாலேயே ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அது ஆலயக் காணிக்கை. சாப்பிட்டு மிஞ்சிய சோற்றிலிருந்து யாரும் காணிக்கை எடுத்ததில்லை. ஆண்டவருக்கு என்று நான் ஒதுக்கும் நேரமும் நாள் உலையில் ஏறும் முன்பே எடுத்த பிடியாக இருக்க வேண்டும். பிடி சிறியதாக இருக்கலாம். பதினைந்து நிமிடம் போதும் என்றால் பதினைந்து நிமிடம். ஆனால் செல்போனைத் தொடும் முன் அது எடுக்கப்பட்டிருக்க வேண்டும். காலையில் வாக்குத்தத்த வசனப் படத்தைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்புவது அதற்கு ஈடாகாது. அந்த வசனத்தை அனுப்பியவரும் முழுதாக வாசிப்பதில்லை, வாங்கியவரும் வாசிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஓய்வுநாள் கட்டளையை எடுத்துப் பாருங்கள். நீ ஓய்ந்திரு என்பதோடு அது நிற்பதில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வாசலில் தங்கியிருக்கும் அந்நியன் என்று வரிசையாகப் பட்டியல் போடுகிறது. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் அதற்குக் காரணமும் வருகிறது: நீங்களே எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைக்கு விடுமுறை கிடையாது. விடுதலை பெற்றவர்கள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களையும் ஓய விட வேண்டும். அப்படியானால் நம் வீட்டு ஞாயிறு எப்படி இருக்கிறது? ஆராதனை முடிந்து வந்ததும் ஆண்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்கிறார்கள். பெண்கள் பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போகிறார்கள். கறி கழுவி, மசாலா அரைத்து, குழம்பு கொதித்து, எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி நிமிரும்போது மணி நான்கு. வாரத்தில் மற்ற ஆறு நாளைவிட அந்த நாளில்தான் அவர்களுக்கு வேலை அதிகம். அம்மாவை ஓய விடாத வீட்டில் ஓய்வுநாள் ஆசரிக்கப்படுகிறது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஞாயிறு கறிக்குழம்பை விட முடியாது என்றால் அன்று ஆண்கள் சமைக்கட்டும். அசனத்துக்கு அண்டா அண்டாவாகச் சமைக்கிறவர்கள் ஆண்கள்தானே, வீட்டு அடுப்பு மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

ஓய்வு தனியாளாகக் கடைப்பிடிக்கிற காரியமும் அல்ல. கன்னியாகுமரி, தூத்துக்குடி கரையோரத்தில் கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் இருக்கிறது. ஒருவர் மட்டும் போகாமல் இருந்தால் அது அவருக்கு நஷ்டம், மனசு அலைபாயும். ஊரே போகவில்லை என்றால் யாரும் யாரையும் முந்தப் போவதில்லை. வள்ளமும் கரையில் கிடக்கும், மனிதனும் கரையில் இருப்பான். சபையாகச் சேர்ந்து எடுக்கும் முடிவுக்கு அந்தப் பலம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனைக்குப் பிறகு எந்தக் கமிட்டியும் எந்தக் கூட்டமும் கிடையாது என்று ஒரு சேகரம் தீர்மானம் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். தீர்மானம் போடத்தான் கமிட்டி இருக்கிறதே.

இதுவரை நேரம் போதாதவர்களைப் பற்றியே பேசினேன். நேரத்தைப் பற்றிய கிறிஸ்தவப் பிரசங்கங்கள் எல்லாமே அப்படித்தான். ஆனால் எங்கள் ஊர்களில் இன்று பாதி வீடுகளில் நேரம் மிதமிஞ்சி இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு ஆச்சி. காலை ஒன்பது மணிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு மகன் கூப்பிடுகிற வரை பேச ஆள் கிடையாது. எங்கள் தெருவில் ஓர் ஆச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வது இதுதான்: "நேரம் போவ மாட்டேங்குதும்மா. ஆண்டவரு இன்னும் ஏன் வச்சிருக்காருன்னு தெரியல." இவர்களிடம் போய், காலத்தை வீணாக்காதீர்கள் என்று பேச முடியுமா?

எமி கார்மைக்கேலை நினைக்கிறேன். அயர்லாந்துப் பெண்மணி, 1895-ல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தவர். ஓயாமல் ஓடிய மனுஷி. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அப்போது அவருக்கு 63 வயது. அதிலிருந்து 1951 ஜனவரி 18-ல் இறக்கும் வரை ஏறத்தாழ இருபது வருடம் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேதான். அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் முதல் முப்பது வருடத்தை விரிவாகச் சொல்லிவிட்டு இந்த இருபதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் படுக்கையில் இருந்தபடியே அவர் புத்தகம் புத்தகமாக எழுதினார். நோயாளிகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். நோயாளி நோயாளிக்கு எழுதியது அது. ஆரோக்கியமானவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் படுக்கையில் கிடக்கிறவர்களுக்குச் சேர்வதில்லை என்பதைத் தானே அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் அவர். பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த அறைக்கு வந்து போனார்கள். ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அத்தனை பேருக்கும் தனித்தனியாக உட்கார்ந்து கொடுக்க முடியாத நேரத்தை அந்தக் கட்டில் கொடுத்தது. வலி இருந்தது, தூக்கமில்லாத இரவுகள் இருந்தன; அதையெல்லாம் அவர் இனிப்புப் பூசி எழுதவில்லை.

எங்கள் தெரு ஆச்சி புத்தகம் எழுதப் போவதில்லை. ஆனால் அவரிடம் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பெயர், தெருவில் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் பெயர், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் பெயர் எல்லாம் பென்சிலில். ஜெபம் கேட்கப்பட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி. யாராவது இறந்துபோனாலும் அதே குறிதான். எந்தப் பெயரையும் அடித்து எடுத்ததில்லை. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய வருடம் அவள் பெயரும் பாட வாரியாக, தேதியோடு அதில் இருந்தது. எந்தத் தேதி எந்தப் பரீட்சை என்று எங்களுக்கு மறந்தாலும் ஆச்சிக்கு மறக்காது. எங்கள் சபையில் நேரத்தை இவரைவிட நன்றாகச் செலவழிக்கிற ஒருவரை நான் அறியேன். அதை ஆச்சியிடம் யாரும் சொன்னதில்லை என்பதுதான் குறை. ஆண்டவர் இன்னும் ஏன் வைத்திருக்கிறார் என்று அவர் கேட்பதற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

சீகன்பால்குடைய அட்டவணையில் கடைசி வேளை பிள்ளைகளுக்கு உரியது என்று பார்த்தோம். நம் பட்டியலில் ஒரு வேளை இந்த ஆச்சிகளுக்கு இருக்கட்டும். ஞாயிறு சாயங்காலம் நான்கரைக்கு மேல் நல்ல நேரம். அவர்கள் மதியத் தூக்கம் முடிந்து வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். போனதும் ஜெபம் பண்ணி எழுந்துவிடாதீர்கள், அது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும். காபி போட்டுத் தந்தால் குடியுங்கள். அவர்கள் சொல்கிற கதையை ஏற்கெனவே கேட்டிருந்தாலும் கேளுங்கள். கண் மங்கியவராக இருந்தால் ஓர் அதிகாரம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்த அதிகாரம் என்று அவர்களையே கேளுங்கள், பெரும்பாலும் அவர்களுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும், கூடவே சொல்லிக்கொண்டு வருவார்கள். உங்கள் வீட்டுக் காரியம் ஏதாவது இருந்தால் அந்த நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.